ரிஸெண்ட்னா கோபமா, மனக்கசப்பா?

கேள்வி: ஆபீஸ்ல ஒரு செலவுக் கணக்கைப் பத்தி மேனேஜர்கிட்ட மெயில்ல கேட்டேன், அவர் 'ஐ ரிஸெண்ட் தட்'னு ஒத்த வரியில பதில் போட்டுட்டார். பிரெஞ்சுல ரஸான்தீர்னா உணர்றதுதானே, அப்ப 'புரியுது'ங்கிறாரா, இல்ல திரும்ப அனுப்பிட்டேங்கிறாரா?
- ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: ரெண்டுமே இல்லம்மா, அவர் மனசு நொந்துபோயிருக்கார். நீங்க கேட்ட விதம் அவரோட நேர்மையையே சந்தேகப்படுற மாதிரி பட்டிருக்கு, அது ஞாயமில்லைன்னு சொல்றார். திரும்ப அனுப்புறதுக்கு உள்ள வார்த்தையில குழப்பம் வராம இருக்க சில சமயம் 'ரீ'க்கு அப்புறம் ஒரு சின்னக் கோடு போடுவாங்க, உச்சரிப்பும் வேற, இந்த ரிஸெண்ட்ல நடுவுல வர்றது ஜீரோவோட முதல் சத்தம்.

உங்க பிரெஞ்சு சந்தேகம் சரியான இடத்துலதான் வந்திருக்கு. வார்த்தை அங்கிருந்து வந்ததுதான், 17ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல நன்றியை ஆழமா உணர்றதுக்குக்கூட இதைச் சொல்லியிருக்காங்க, போகப்போக கசப்பு மட்டும் நின்னுடுச்சு. இப்ப பிரெஞ்சுல இதுக்குப் பக்கத்துல வர்றது 'ஜ லுயி ஆன் வெ', அதாவது 'அவர் மேல எனக்கு மனக்குறை'.

வெறும் கோபத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. கோபம் வந்த வேகத்துல போயிடும், இது 'எனக்கு அநியாயம் நடந்துச்சு'ன்னு உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டே இருக்கிறது. நம்ம மொரிஷியஸ்லயே நடந்ததைப் பாருங்க, 1998ல வந்த புது ரூபா நோட்டுல இங்கிலீஷுக்கு அடுத்து இருந்த தமிழைக் கீழ இறக்கிட்டு ஹிந்தியை மேல போட்டாங்க, நம்ம ஜனங்க எதிர்த்து நின்னதுல அந்த நோட்டையே வாபஸ் வாங்கி மறுபடி பழைய வரிசையில அடிச்சாங்க. இதை எழுதும்போது 'தமிழ்ஸ் வேர் ஆங்கிரி'ன்னு போட்டா பாதிதான் வரும், 'தமிழ்ஸ் ரிஸெண்டட் த சேஞ்ச்'னு எழுதினாதான் காலங்காலமா நமக்கு இருந்த இடத்தைப் பறிச்சிட்டாங்கங்கிற வலியும் சேர்ந்து வரும். காழ்ப்பு, வன்மம்னு சில அகராதியில பார்ப்பீங்க, எனக்கு அது ரொம்ப கடுமையாத் தெரியுது, மனக்கசப்புதான் பொருந்தும். நெருங்கின சொந்தத்துக்குள்ளன்னா மனத்தாங்கல்.

எழுதும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க, இதுக்குப் பின்னாடி 'டு' வராது. 'ஐ ரிஸெண்ட் வர்க்கிங் ஆன் சண்டேஸ்'தான் சரி, 'டு வர்க்' தப்பு. ஆள் பேரையும் நேரா போடலாம், 'ஷீ ரிஸெண்ட்ஸ் ஹர் பிரதர்'னா அண்ணன் மேல அவளுக்கு ரொம்ப நாளா மனசுல ஒரு குறை.

மேனேஜருக்கு இன்னிக்கே பதில் போட்டுடுங்க, உங்களைச் சந்தேகப்பட்டு கேக்கல, கணக்கு எனக்குப் புரியாமதான் கேட்டேன்னு நேராவே எழுதுங்க.