செம்பருத்தி போட்ட சோப்பு ஏன் சிவப்பாக வரவில்லை?

செம்பருத்திப் பொடி, பீட்ரூட் சாறு இரண்டையும் போட்டும் சோப்பு சேற்று நிறத்தில்தான் வருகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது இல்லை, எண்ணெயைச் சோப்பாக்கப் போடுகிறோமே காஸ்டிக் சோடா, அது செய்கிற வேலை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவந்துபோகிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு, காஸ்டிக் மாதிரி காரப்பொருள் பட்டால் செடியின் நிறம் மாறும், சிலது செத்தே போகும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் செத்துப்போகிற ரகம். சங்குப்பூவும் அப்படித்தான், அந்த நீலத்தை நம்பி நான் ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை வீணாக்கினேன்.

இப்போதெல்லாம் எந்தப் பொடி கையில் கிடைத்தாலும் முதலில் சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு சிட்டிகை போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். அதில் நிறம் வேறாக மாறினால் பரவாயில்லை, செத்துச் சேற்று நிறமானால் சோப்பிலும் பெரும்பாலும் நிற்காது.

எனக்கு நன்றாக வந்தது வேம்பாளம்பட்டை. தலைக்குத் தேய்க்கிற சிவப்பு எண்ணெய்க்குப் போடுவோமே, அதேதான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டினால் ரத்தச் சிவப்பாக இருக்கும். முதல் தடவை அதில் காஸ்டிக் கரைசலை ஊற்றிக் கிளறியபோது கண்ணெதிரே சிவப்பு போய் நீலச் சாம்பலாகிவிட்டது, போச்சுடா என்று கொட்டப் போனேன். சரி இருக்கட்டும் என்று அச்சில் ஊற்றி வைத்தேன். நாலு வாரம் காய்ந்தபின் வெட்டிப் பார்த்தால், நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு ஊதா!

இளஞ்சிவப்புதான் வேண்டும் என்றால் மஞ்சிட்டி. நீலத்துக்கு அவுரி, ஆனால் தலைக்குப் பூசுகிற இலைப் பொடி இல்லை, திண்டிவனம் பக்கம் துணிச் சாயத்துக்கு எடுக்கிறார்களே, அந்த நீலம். கை தாராளமாகிவிட்டால் நுரையும் நீலமாகும், துண்டும் நீலமாகும். வேப்பிலை, குப்பைமேனிப் பச்சை எல்லாம் பார்க்க அழகு, ஒன்றிரண்டு மாதத்தில் காய்ந்த சருகு நிறத்துக்கு வந்துவிடும், அதைத் தடுக்க எனக்குத் தெரிந்து வழியில்லை.

அளவு: 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் பொடி போதும். மெல்லிய துணியில் சலித்து, கொஞ்சம் எண்ணெயில் குழைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும், உடம்பில் உரசும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் போடாமல் அடுப்படிப் பக்கமே போகாதீர்கள்.

மஞ்சளைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கலக்கும்போது செங்கல் நிறமாகி, காயக் காய மஞ்சளுக்குத் திரும்பிவிடும், அந்த வகையில் பிரச்சினை இல்லை. வெளிச்சம்தான் அதற்கு எதிரி. ஜன்னலோரம் அடுக்கி வைத்திருந்தேன், வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்து, பின்பக்கம் புது மஞ்சளாகவே இருந்தது. இப்போது பழைய வேட்டித் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைக்கிறேன்.