ஊசி குத்தினால் பிதுக்காதீர்கள்

எச்ஐவி நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசியை மூடும்போது விரலில் குத்திவிட்டது, சீனியர் நர்ஸ் பிதுக்கி பிளீச்சில் முக்கச் சொன்னார் என்கிறீர்கள். இரண்டும் வேண்டாம், திசுதான் புண்ணாகும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இப்படித் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3. நோயாளி மாத்திரை சாப்பிட்டு வைரஸ் அளவு அடங்கியிருந்தால் இன்னும் குறைவு. ஆனாலும் தடுப்பு மருந்தை இப்போதே தொடங்குங்கள். 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை. 28 நாளும் சாப்பிட வேண்டும், குமட்டுகிறது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீர்களா? கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸ் எச்ஐவியைவிட எளிதில் தொற்றும்.

அந்த நோயாளியின் கட்டிலில் எச்ஐவி என்று காட்டும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தும் குத்தத்தானே செய்தது! தப்பு மூடியைத் திரும்பப் போட்டதில். எந்த நோயாளியானாலும் ஊசியை மூடாமல் நேரே ஊசிப்பெட்டியில் போடுங்கள்; அந்தச் சீட்டைக் கிழித்துவிடச் சொல்லுங்கள்.