செம்மண் கத்தரிக்கு உயிர்க்கரியும் வைக்கோல் மூடாக்கும் சேர்த்துப் போடலாமா? எவ்வளவு?

நீங்கள் சொன்னது: சிவகங்கைப் பக்கம் செம்மண், கிணற்றுப் பாசனம், 20 சென்ட் கத்தரி, பாய்ச்சிய மூன்றாம் நாளே மண் இறுகிவிடுகிறது.

தாராளமாகச் சேர்த்துப் போடலாம். ஆனால் உயிர்க்கரி, அதாவது மண்ணில் சேர்ப்பதற்காகச் சுட்ட மரக்கரி, மண்ணுக்குள் போக வேண்டும், வைக்கோல் மண்ணுக்கு மேல் கிடக்க வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டும் வீண். மேலே தூவிய கரி வெயிலை இழுத்து மண்ணைச் சுட வைக்கும், காற்றிலும் பறக்கும். வைக்கோலை உள்ளே உழுதுவிட்டால், அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முந்திக்கொண்டு எடுத்துவிடும். பயிர் வெளுத்து நிற்கும்.

மண் பரிசோதனை இல்லாமல் கரியைத் தொட வேண்டாம். மரக்கரி காரத்தன்மை உள்ளது. மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 7-க்குக் கீழே இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். 8-ஐத் தாண்டிய சுண்ணாம்பு மண்ணில் இதைக் கொட்டினால் இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறைதான் மிஞ்சும். அப்படிப்பட்ட நிலத்துக்கு மூடாக்கு மட்டும் போதும். உலகம் முழுக்க நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017-ல் வந்த ஆய்வில், வெப்பமண்டல நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது, மிதவெப்ப நாடுகளில் கூடவில்லை. அமிலமான, சத்துக் குறைந்த மண்ணைக் கரி சரிக்கட்டியதுதான் முக்கியக் காரணம். ஆகவே அந்த 25-ஐ எல்லா நிலத்துக்கும் எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் பகுதியில் சீமைக் கருவேலத்துக்குப் பஞ்சமில்லை, கரியை அதிலேயே சுட்டுக்கொள்ளலாம். மேலே 5 அடி, அடியில் 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் கூம்பாக ஒரு குழி வெட்டுங்கள். விறகு மணிக்கட்டுப் பருமனைத் தாண்டக் கூடாது. ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். அடியில் கொஞ்சம் சுள்ளி போட்டு, மேலிருந்து பற்ற வையுங்கள். எரியும் அடுக்கின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு. மேலே எரியும் தீ காற்றைத் தின்றுவிடுவதால் கீழே இருப்பது சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். புகை கிளம்பினால் விறகு ஈரம், அல்லது ஒரேயடியாக அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்க அணையுங்கள். மேலாக மண்ணை அள்ளிப் போட்டால், இடுக்கு வழியே காற்றுப் போய், மறுநாள் பார்க்கும்போது பாதி சாம்பலாக இருக்கும். சுமார் அரை டன் விறகுக்கு 100 கிலோ உலர்ந்த கரி கிடைக்கும்.

நல்ல கரியை விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். பிசுபிசுத்து, தார் வாடை அடித்தால் வேகவில்லை. இவ்வளவு பாடுபட முடியாதவர்கள், கரி மூட்டம் போடும் இடங்களில் மிஞ்சும் தூள் கரியைக் கேட்டு வாங்கலாம். விறகுக்கடைக்கு ஆகாத அந்தத் தூள்தான் நிலத்துக்கு வேண்டியது. கட்டியாக இருந்தால் ஈரமாக வைத்தே அரை அங்குலத்துக்குக் கீழே நொறுக்குங்கள். உலர்ந்த தூசு நுரையீரலுக்கு ஆகாது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். சத்து ஏற்றாத பச்சைக் கரியை நேராக நிலத்தில் போடுவார்கள். அது போடுகிற உரத்தையெல்லாம் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும், முதல் போகம் படுத்துவிடும். கூடைக்குக் கூடை மட்கிய தொழுவுரம் கலந்து, ஐந்து மடங்கு தண்ணீர் சேர்த்த மாட்டுக் கோமியத்தால் நனைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் மூடி வையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். தொடக்கத்தில் மூக்கைத் துளைக்கும் கோமிய நெடி அடங்கியிருந்தால் கரி சத்தைக் குடித்துவிட்டது.

ஏக்கருக்கு 2 டன், அதாவது சென்டுக்கு 20 கிலோ என்பது நிலம் முழுக்கப் பரப்பும் கணக்கு. கத்தரிக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டுக்கு இரண்டடி இடைவெளியில் சென்டுக்குச் சுமார் 110 செடி வரும். நடும் குழிக்கு 100 கிராம் கரி, அதாவது கலவையில் இரண்டு கை. 20 சென்டுக்கு 220 கிலோ, இரண்டு குழி எரித்தால் ஏறத்தாழ ஆகிவிடும். கரி மட்காது என்பதால் ஒவ்வொரு போகமும் போட வேண்டியதில்லை.

வைக்கோலுக்குத்தான் திண்டாட்டம். களையை அடக்க 4 அங்குலத்துக்குப் பரப்பினால் சென்டுக்கு 80 கிலோவுக்கும் மேல் தின்னும். பாரின், அதாவது செடி நிற்கும் மேட்டின், மேல் மட்டும் போட்டால் 40 கிலோவில் முடியும். ஒரு ஏக்கர் நெல்லின் வைக்கோல் இரண்டு டன்னைச் சுற்றித்தான் வரும் என்பதால் மாட்டுக்குப் போக மிஞ்சுவது கொஞ்சமே. மழையில் கறுத்து மாடு சீந்தாத வைக்கோலை மலிவாகக் கேளுங்கள். பூஞ்சணம் தட்டியிருந்தால் உதறும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நாற்று வேர்பிடித்த பிறகு, நன்றாகப் பாய்ச்சிவிட்டுப் பரப்புங்கள். காய்ந்த மண்ணை மூடினால் தூறல் மழையை வைக்கோலே குடித்துவிடும், வேருக்கு எட்டாது. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளியே போடுங்கள், ஒட்டினால் கழுத்தழுகல் வரும். இயந்திரத்தில் அறுத்த வைக்கோலில் நெல்மணி தங்கியிருக்கும், அதற்கு எலியும் வரும், முளைப்பும் வரும். பரப்புமுன் நனைத்து முளைக்கவிட்டுக் காயப்போடுங்கள். செம்மண்ணில் கரையான் உறுதி. ஈரமாக இருக்கும்வரை வைக்கோலோடு நிற்கும், வறண்டால் தண்டுக்கு ஏறும். வேப்பம் புண்ணாக்கைக் குழியிலேயே சேர்த்துவிட்டு, கோடையில் பாய்ச்சல் இடைவெளி மிகவும் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாரை மட்டும் கரியில்லாமல், இன்னொன்றை மூடாக்கில்லாமல் விட்டு வையுங்கள். பாய்ச்சிய ஐந்தாம் நாள் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பாருங்கள். அடுத்த முறை காசை எதில் போடலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.