கனவு ரக்பி அணி: வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

போன முறை வெளியிட்ட தென்னாப்பிரிக்கக் கனவு ரக்பி அணிக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாராட்டை விடச் சண்டை அதிகம். ரக்பியைப் பற்றித் தமிழில் சண்டை போட இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். முந்தைய பகுதியைப் படிக்காதவர்களுக்காகப் பதினைந்து பேரையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். முன்வரிசையில் ஆஸ் டு ரண்ட், மால்கம் மார்க்ஸ், ஃபிரான்ஸ் மல்ஹெர்ப. அவர்களுக்குப் பின்னால் பாக்கீஸ் போத்தா, விக்டர் மேட்ஃபீல்ட். பின்வரிசையில் சியா கொலிசி, பீட்டர்-ஸ்டெஃப் டு டாய், டுவேன் ஃபெர்மியூலன். இந்த எட்டுப் பேரும் ஃபார்வர்டுகள், மற்ற ஏழு பேர் பேக்குகள். ஸ்க்ரம் ஹாஃப் ஃபூரி டு ப்ரீ, ஃப்ளை ஹாஃப் ஹாண்ட்ரே பொலார்ட். சென்டர்கள் டேமியன் டி அயெண்டே, லுகன்யோ ஆம். விங் இரண்டும் பிரையன் ஹபானாவுக்கும் செஸ்லின் கோல்பவுக்கும். ஃபுல்பேக் ஆந்த்ரே ஜுபேர்.

*ஐயா, தென்னாப்பிரிக்காவின் கனவு அணி என்கிறீர்கள். ஆனால் ஃப்ரிக் டு ப்ரியா இல்லை, நாஸ் போத்தா இல்லை, டேனி கெர்பர் இல்லை. 1992க்கு முன் இந்த நாட்டில் யாருமே ரக்பி ஆடவில்லையா?*
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

ஆடினார்கள், பிரமாதமாகவே ஆடினார்கள். கெர்பர் 24 டெஸ்டில் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) 19 ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டவர். சென்டர் நிலையில் ஆடியவருக்கு இது அபூர்வமான கணக்கு. இனவெறி ஆட்சியால் உலகம் நம்மை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் அவருடைய நல்ல வயதெல்லாம் கழிந்தது. 1987, 1991 உலகக் கோப்பைகளில் நம் அணியே இல்லை. அவருக்காக எனக்கும் வருத்தம் உண்டு.

ஆனாலும் நாம் உலக ரக்பிக்குத் திரும்பிய 1992க்கு முந்தைய யாரையும் எடுப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறேன். ‘மிகச் சிறந்தவர்’ என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவரோடு போட்டியிட எல்லோருக்கும் வாசல் திறந்திருந்திருக்க வேண்டும். கிழக்குக் கேப்பில் கோசா மக்கள் நூறு ஆண்டுக்கு மேலாக ரக்பி ஆடுகிறார்கள். கேப் டவுனின் கலப்பினத்தவரும் முஸ்லிம்களும் அப்படித்தான். அவர்களில் ஸ்பிரிங்பாக் (நம் தேசிய அணி) சட்டைக்குத் தகுதியானவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை இனி எந்தக் கணக்கும் சொல்லாது. தேர்வுக் குழு அவர்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. எரோல் டோபையஸ் 1981இல் அயர்லாந்துக்கு எதிராக இறங்கி, டெஸ்ட் ஆடிய முதல் வெள்ளையரல்லாத ஸ்பிரிங்பாக் ஆனார். மொத்தம் ஆறே டெஸ்ட். அவரைத் துரோகி என்று திட்டியவர்களும் இருந்தார்கள், வழிகாட்டி என்று கொண்டாடியவர்களும் இருந்தார்கள். அவர் கையில் பந்து இருந்தபோது எப்படி ஆடினார் என்று பேசியவர்கள்தான் குறைவு.

1973இல் இனவேறுபாடற்ற விளையாட்டு அமைப்பான சாகோஸ் தொடங்கப்பட்டது நம் டர்பனில்தான். இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்பது அதன் முழக்கம். அந்த முழக்கத்துக்காகத் தங்கள் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தவர்கள் நம் தெருக்களில் இருந்தார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு ‘எல்லாக் காலத்திற்குமான அணி’ என்று ஒரு பட்டியல் போட என் கை எழாது. 1992லேயே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 1995 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இறங்கிய பதினைந்து பேரில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான்.

*என் தந்தைக்கு எண்பது வயதாகிறது. இன்றைக்கும் நியூசிலாந்து ஜெயித்தால்தான் கைதட்டுகிறார். பேரப்பிள்ளைகள் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்து அவரோடு சண்டை போடுகிறார்கள். நான் என்ன செய்ய?*
— சாட்ஸ்வொர்த் வாசகி

அம்மா, அவரைத் திருத்தப் போக வேண்டாம். இனவெறி ஆட்சி நடந்த அந்த நாளில் டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் நம்மவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்றுதான் ஆட்டம் பார்க்க முடியும். வெளிநாட்டு அணி வந்தால் அதற்குக் கைதட்டுவது ஒன்றுதான் அங்கே நின்றவர்களால் செய்ய முடிந்த எதிர்ப்பு. கேப் டவுனிலும் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே செய்தார்கள், ராபன் தீவில் சிறையிருந்தவர்களும் செய்தார்கள். ஐம்பது ஆண்டுப் பழக்கம் ஒரு கோப்பையால் போய்விடாது.

பேரப்பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். ஏன் நியூசிலாந்து என்று தாத்தாவிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். 2023 இறுதிப் போட்டியில் 12-11 என்று ஒரு புள்ளியில் தோற்ற அணி அவருடையது. அவருக்கும் அந்த இரவு தூக்கம் வந்திருக்காது.

*யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹெய்சனை விட்டுவிட்டு ஃபூரி டு ப்ரீயா? 1995இல் லோமுவை மடக்கியது யார் என்று மறந்துவிட்டீர்களா?*
— ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியாவிலிருந்து பலர்

அதிகக் கடிதம் வந்தது இதற்குத்தான். யூஸ்ட் 89 டெஸ்டில் 38 ட்ரை போட்டவர். ஸ்க்ரம் ஹாஃபாக ஆடிய ஒருவருக்கு அந்த எண்ணிக்கை நம்ப முடியாதது. எல்லிஸ் பார்க் இறுதிப் போட்டியில் முழு வேகத்தில் வந்த நியூசிலாந்தின் ஜோனா லோமுவை அவர் தனியாளாகக் கீழே தள்ளியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நரம்பு நோயோடு போராடி 2017இல் அவர் மறைந்தபோது நானும் அழுதேன்.

ஆனால் கனவு அணி என்பது பதினைந்து சிலைகளை வரிசையாக நிறுத்தி வைப்பது அல்ல. பக்கத்தில் நிற்பவர் யார் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு இடத்தையும் நிரப்ப வேண்டும். எட்டாம் எண்ணில் ஃபெர்மியூலனை வைத்துவிட்டேன். அவருக்குப் பக்கத்தில் யார் பொருந்துவார்? 2015 உலகக் கோப்பைக் கால் இறுதி, ட்விக்கன்ஹாம், எதிரணி வேல்ஸ். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் ஆட்டம் போய்விட்டது, நாம் ஒரு புள்ளி பின்னால். ஸ்க்ரம்மிலிருந்து (இரு அணி ஃபார்வர்டுகளும் கோத்து நின்று பந்துக்குத் தள்ளுவது) பந்தை எடுத்துக்கொண்டு ஃபெர்மியூலன் குறுகிய பக்கமாக ஓடினார். இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு பந்தைப் பின்னால் தட்டிவிட்டார். அங்கே டு ப்ரீ வந்து நின்றார். மூலையில் ட்ரை, 23-19. ஒருவர் எங்கே போவார் என்பது இன்னொருவருக்கு முன்பே தெரிந்திருந்தது. இதைப் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிட முடியாது.

யூஸ்ட் தனியாக ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பார். டு ப்ரீ மற்ற பதினான்கு பேரையும் ஜெயிக்க வைப்பார். முன்னால் நிற்கும் எட்டுப் பேர் இவ்வளவு பலமானவர்களாக இருக்கும்போது, எனக்குத் தேவை இரண்டாமவர். ஃபார்வர்டுகள் பலவீனமான அணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு யூஸ்டை எடுப்பேன்.

*அதிக டெஸ்ட் ஆடிய ஈபன் எட்செபெத்துக்கே இடமில்லையா?*
— லேடிஸ்மித் வாசகர்

மாற்று வரிசையில் முதல் பெயர் அவருடையதுதான். 2024இல் மேட்ஃபீல்டின் 127 டெஸ்ட் சாதனையைத் தாண்டியவரைச் சும்மா விடுவேனா? ஆனால் போத்தாவும் மேட்ஃபீல்டும் சேர்ந்தே வளர்ந்த ஜோடி. ஒருவர் ரக்கில் (கீழே கிடக்கும் பந்துக்கான தள்ளுமுள்ளு) இடித்துத் தள்ளி வழி செய்வார், மற்றவர் லைன் அவுட்டில் (பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிவது) எதிரணியின் சங்கேதத்தையே படித்துவிடுவார். 2007 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து பந்தை எறிய எறிய மேட்ஃபீல்ட் பறித்துக்கொண்டே இருந்தார். அந்த ஆட்டத்தில் இரண்டு அணியும் ஒரு ட்ரை கூடப் போடவில்லை, நாம் 15-6 என்று ஜெயித்தோம். ஃபெர்மியூலனுக்கும் டு ப்ரீக்கும் சொன்ன அதே காரணம்தான் இங்கேயும்.

*2007 மே மாதம் கிங்ஸ் பார்க்கில் என் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசி நொடியில் ஹபானா செய்ததை மன்னிக்கவே முடியாது. ஒரு டர்பன்காரர் அவரை எப்படி எடுக்கலாம்?*
— ஃபீனிக்ஸ் வாசகர்

அந்த வலி எனக்கும் தெரியும். சூப்பர் 14 தொடரின் இறுதிப் போட்டி நம் மைதானத்தில் நடந்தது, நம் டர்பன் அணியான ஷார்க்ஸ் 19-13 என்று முன்னால் இருந்தது, நேரமும் முடிந்துவிட்டது. ஹபானா உள்ளே வெட்டி ஓடி ட்ரை போட்டார். கன்வர்ஷனும் (ட்ரைக்குப் பின் இரண்டு புள்ளிக்கு உதைப்பது) போய் 20-19 என்று அவருடைய புல்ஸ் அணி ஜெயித்தது. மைதானம் அப்படியே அடங்கிப்போனது.

ஐயா, அந்த ஒரு ஓட்டம்தான் அவரை எடுக்க முதல் காரணம். எண்பது நிமிடம் முடிந்தும் யாருக்கு நம்பிக்கை மிச்சமிருக்கிறதோ அவர்தான் என் விங். அதே ஆண்டு உலகக் கோப்பையில் எட்டு ட்ரை போட்டு, 1999இல் லோமு வைத்த சாதனையைத் தொட்டார். 124 டெஸ்டில் 67 ட்ரை. போத்தா, மேட்ஃபீல்ட், டு ப்ரீ ஆகியோரும் அன்று புல்ஸ்காரர்கள்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடால் ரசிகர்கள் கோபத்தை மொத்தமாக எழுதி அனுப்பலாம்.

*ஜுபேரை இன்றைய பிள்ளைகளுக்கு யாரென்றே தெரியாது. வில்லி லெ ரூவை விட அவர் எப்படி மேல்?*
— உம்லாஸ் வாசகர், கல்லூரி மாணவர்

தம்பி, 1995 அரை இறுதியை எப்படியாவது தேடிப் பாருங்கள். டர்பனில் கொட்டிய மழையில் மைதானம் குளமாகி, ஆட்டம் தாமதமானது. துடைப்பத்தோடு பெண்கள் இறங்கித் தண்ணீரைத் தள்ளிவிட்டார்கள். அன்று ஆட்டம் நடக்காமல் போயிருந்தால், கனடாவோடு நடந்த ஆட்டத்தில் வாங்கிய சிவப்பு அட்டையின் காரணமாக நாம் வெளியேறி, பிரான்ஸ் இறுதிக்குப் போயிருக்கும். துடைப்பம் பிடித்த அந்தப் பெண்களுக்கும் அந்தக் கோப்பையில் பங்கு உண்டு.

அந்தச் சேற்றில் ஜுபேர் ஆடியது முறிந்த கையோடு. அதற்கு முந்தைய வாரம் சமோவாவோடு நடந்த கால் இறுதியில் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு அரை இறுதியும் ஆடினார், இறுதிப் போட்டியும் ஆடினார். வழுக்கும் பந்தை உயரத்திலிருந்து பிடிப்பது நல்ல கைக்கே கஷ்டம். லெ ரூ நூறு டெஸ்ட் ஆடிய அருமையான ஆட்டக்காரர், தாக்குதலில் அவருடைய கண் கூர்மையானது. ஆனால் தலைக்கு மேலே பந்து பறக்கும்போது என் நெஞ்சு படபடக்காமல் இருக்க எனக்கு ஜுபேர் வேண்டும்.

*மாற்று வரிசையில் ஏழு ஃபார்வர்டு, ஒரே ஒரு பேக் என்ற முறையைக் கனவு அணியிலும் செய்வீர்களா?*
— ஜொகானஸ்பர்க் வாசகர்

செய்ய மாட்டேன். 2019இல் ஆறுக்கு இரண்டு என்று வைத்தோம், 2023 இறுதியில் ஏழுக்கு ஒன்று. அன்று மூன்றாம் நிமிடத்திலேயே ஹூக்கர் (முன்வரிசையின் நடு ஆள்) போங்கி ம்போனாம்பி காயப்பட்டு வெளியேற, அப்போது பெரும்பாலும் பின்வரிசையில் ஃப்ளாங்கராக ஆடிவந்த டியான் ஃபூரி மீதி ஆட்டம் முழுவதும் ஹூக்கராக நின்றார். ஜெயித்ததால் தந்திரம் என்கிறோம். பேக் வரிசையில் இரண்டு பேர் அடிபட்டிருந்தால் கதை வேறு. ஆறுக்கு இரண்டு எனக்குப் போதும். இரண்டாம் பாதியில் டெண்டாய் ம்டாவரிரா இறங்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். 2009இல் கிங்ஸ் பார்க்கில் பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ் அணியின் ஃபில் விக்கரியை அவர் ஸ்க்ரம்மில் மடக்கித் தூக்கியபோது மைதானமே அவருடைய பட்டப்பெயரைச் சொல்லி ‘பீஸ்ட்’ என்று அலறியது.

*என் மகன் பதினான்கு வயது, ஒல்லி. பள்ளியில் ரக்பி அவனுக்கு வேண்டாம் என்கிறார்கள். கிரிக்கெட்டுக்கே அனுப்பிவிடட்டுமா?*
— டோங்காட் வாசகி

அவனுக்கு ஆசை இருந்தால் அனுப்பாதீர்கள். கோல்பவின் உயரம் ஏறக்குறைய 1.7 மீட்டர்தான். 2023 கால் இறுதியில் பிரான்சின் தாமஸ் ராமோஸ் கன்வர்ஷன் உதைக்கக் கால் எடுத்த நொடியில் பாய்ந்து ஓடிப் பந்தைத் தடுத்தவர் அவர். அந்த இரண்டு புள்ளி பிரான்சுக்குக் கிடைத்திருந்தால் 29-28 என்ற வெற்றி நமக்கு இல்லை. ரக்பியில் எல்லா உடம்புக்கும் இடம் உண்டு. பையனுக்கு முதலில் டேக்கிள் செய்யும்போது தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் கிடைக்கிறாரா என்று பாருங்கள். தலை, எதிராளியின் உடம்புக்குக் குறுக்கே போகக் கூடாது. அதை முதல் மாதத்திலேயே கற்றுத்தராத இடத்தில் சேர்க்காதீர்கள்.

*உலக அணி போட்டால் ஒன்பதாம் எண் (ஸ்க்ரம் ஹாஃப்) யாருக்கு? எங்கள் துப்போனுக்குத்தானே?*
— ரீயூனியன், சேன்ட்-ஆந்த்ரே வாசகர்

ஆம், ஆந்த்வான் துப்போனுக்குத்தான், யோசிக்கவே வேண்டாம். 2023 உலகக் கோப்பையில் முக எலும்பு முறிந்து சில வாரத்திலேயே தலைக்கவசத்தோடு வந்து நம்மை எதிர்த்து ஆடியவர். அடுத்த ஆண்டு எழுவர் ரக்பியில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கிவிட்டார்.

*உலகக் கோப்பை எப்போதும் புரட்டாசியில் வருகிறதே, ப்ராய்க்கு (கரியடுப்பில் இறைச்சி சுடும் விருந்து) என்ன செய்வது?*
— சாட்ஸ்வொர்த் இளைஞர் மன்றம்

2027 போட்டி ஆஸ்திரேலியாவில் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. நாக்-அவுட் ஆட்டங்களுக்கு முன்பே விரதம் முடிந்துவிடும். அதுவரை கரியடுப்பில் மீலீஸும் (சோளக்கதிர்) உருளைக்கிழங்கும் போதும். நேர வித்தியாசத்தால் பல ஆட்டங்கள் நமக்குக் காலையில் வரும். பூஜையை முடித்துவிட்டு உட்காருங்கள்.

*கேப்டன் கொலிசியா, ஜான் ஸ்மிட்டா? ஒரு வரியில் சொல்லவும்.*
— நியூகாசில் வாசகர்

கொலிசி. ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. ஸ்மிட் 83 டெஸ்டில் தலைமை தாங்கியவர், நம் ஷார்க்ஸ்காரர், மரியாதைக்குரியவர். ஆனால் ஹூக்கர் இடத்தில் மார்க்ஸ் இருக்கும்போது அவரை எங்கே வைப்பது? கேப்டன் முதலில் அணியில் இடம் பிடிக்க வேண்டும். ஸ்வீடே குடியிருப்பில் பசியோடு வளர்ந்து, இரண்டு முறை கோப்பையைத் தூக்கிய கொலிசிக்கு ஆறாம் எண் சட்டை சொந்தம்.

*பெண்கள் கனவு அணி எப்போது வரும்? எனக்குப் பதினோரு வயது.*
— ஐசிப்பிங்கோ வாசகி

அடுத்த முறையே வரும், கண்ணு. நம் பெண்கள் அணி 2025 உலகக் கோப்பையில் இத்தாலியை 29-24 என்று வீழ்த்தி முதல் முறையாகக் கால் இறுதிக்குப் போனது. அதில் எனக்கு மிகவும் பிடித்தவர் நடீன் ரூஸ். உனக்குப் பிடித்த பதினைந்து பேரை எழுதி அனுப்பு. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஏன் என்று ஒரு வரி இருக்க வேண்டும். உன் பட்டியலை என் பட்டியலுக்குப் பக்கத்திலேயே போடுகிறேன்.