பாக்கிக்காகக் கோவை கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை வாசகி ஒருவரின் கேள்வி: "நாலு தையல் மிஷின் வைத்திருக்கிறேன், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் உண்டு. கோவையில் ஒரு துணிக்கடைக்குக் கூலிக்குப் பை தைத்துக் கொடுத்தேன். 1,84,000 ரூபாய் எட்டு மாதமாக வரவில்லை. கேட்டால் 'தையல் சரியில்லை' என்கிறார். 40,000-க்கு ஒரு செக் கொடுத்து 'இப்போ போடாதீங்க' என்றார். கோவை கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?"

வேண்டாம்மா. நீங்கள் மாநில எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்ட வேண்டியதில்லை, அவரை இங்கே வரவைக்கலாம்.

முதலில் செக்கில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் வங்கி வாங்காது. கடனுக்குச் சாட்சியாகப் பத்திரப்படுத்துங்கள். தாண்டவில்லையா, நாளைக்கே உங்கள் கணக்கில் போடுங்கள். பணமில்லாமல் திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. செக் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, கணக்கில் போட்ட செக்குக்கு உங்கள் வங்கிக் கிளை இருக்கும் பகுதியின் கோர்ட்டில்தான் வழக்கு.

மற்ற பணத்துக்கு 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் இருக்கிறது. எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. பேசாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியான 'வங்கி விகிதத்தை'ப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. இந்த வட்டிக் கணக்கை நோட்டீஸில் எழுதி அனுப்புங்கள். சிலர் அதைப் பார்த்தே போன் செய்துவிடுவார்கள்.

'தையல் சரியில்லை' என்பதைச் சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பினாரா என்று ஒரு தடவை தேடிவிடுங்கள். எனக்குக் கவலை அதுதான்.

புகாரை இணையத்திலேயே பதியலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், வேலை செய்து கொடுத்தவரின் மாநிலத்தில் இந்தப் பாக்கித் தகராறுகளுக்காக இருக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சில் விசாரிக்கலாம், உங்களுக்குக் கேரளம். முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்கச் சொல்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். ஆனால் தீர்ப்பை எதிர்த்துப் போக அவர் 75 சதவீதப் பணத்தைக் கட்டியாக வேண்டும்.

விவரம் கேட்கப் பாலக்காட்டில் மாவட்டத் தொழில் மையம் உண்டு. போர்டில் 'வியவசாய கேந்திரம்' என்றிருக்கும். விவசாய ஆபீஸ் என்று திரும்பி வந்துவிடாதீர்கள், மலையாளத்தில் வியவசாயம் என்றால் தொழில்!

போகும்போது டெலிவரி சலான்களில் கடையின் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். உத்யம் பதிவுத் தேதி ஆர்டருக்கு முந்தியதா என்பதையும் பாருங்கள். பிந்தியதாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.