லென்ஸ் அலமாரி சேமிப்புக் கணக்கில் வருமா?

கேள்வி: வயது 36, மாதச் சம்பளம். பொழுதுபோக்கு புகைப்படம். ஐந்து கேமரா பாடி, பதினான்கு லென்ஸ் சேர்ந்துவிட்டன. லென்ஸ்களில் பாதி டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி வைத்த முந்தைய தலைமுறை கேமரா) காலத்தவை. நான்கு பழைய மேனுவல் ஃபோக்கஸ் லென்ஸ்கள். கைக்கு வரும் சம்பளத்தில் 15 சதவீதம் இதற்கே போகிறது. கடைசியாக வாங்கிய பாடிக்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கி. அவசர நிதியோ ஒரு மாதச் செலவுக்குத்தான் காணும். 'நல்ல லென்ஸ் விலை இறங்காது, இதுவும் முதலீடுதான்' என்று மனைவியிடம் சொல்லி வருகிறேன். சரிதானா? என்னிடம் 85 மி.மீ. எஃப்/1.8 இருக்கிறது. அதைவிட அகலமாகத் திறக்கும் எஃப்/1.2 ஒன்றை 'வட்டியில்லாத் தவணை'யில் வாங்கலாமா?

பதில்: முதலீடு என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது பயன்படுத்தும் பொருள். அதில் ஒரு பகுதிக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டு, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். புதிதாக 100-க்கு வாங்கிய லென்ஸை மூன்று ஆண்டு கழித்து 60-க்கு விற்கிறீர்கள் என்று கொள்வோம். விற்பனைத் தளம் 10 சதவீதம் எடுத்தால் 6 போயிற்று. பேக்கிங், கூரியர் 3. கையில் நிற்பது 51. அதே லென்ஸை முதலிலேயே பழையதாக 60-க்கு வாங்கி 50-க்கு விற்றிருந்தால், செலவெல்லாம் போக 42 வரும். நஷ்டம் 49 அல்ல, 18. வாடகைக்கு நாளொன்றுக்கு 4 என்றால், மூன்று ஆண்டில் பன்னிரண்டு நாளுக்குக் குறைவாகப் பயன்படும் லென்ஸைப் புதிதாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே லாபம். உங்கள் ஊர் வாடகையையும் விலையையும் இதில் போட்டுப் பாருங்கள்.

'லென்ஸ் விலை இறங்காது' என்பது பாடியோடு ஒப்பிட்டால் மட்டும் பாதி உண்மை. பாடி ஒரு மின்னணுச் சாதனம். அடுத்த மாடல் வந்ததும் சரியும். லென்ஸ் மெதுவாக இறங்கும், ஆனால் அதன் தலையெழுத்து மவுண்டின் (லென்ஸ் பாடியில் பொருந்தும் வாய்) கையில் இருக்கிறது. கேனான் 1987-ல் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு இஎஃப்-க்கு மாறியது. மவுண்டிலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தூரம் எஃப்டி-யில் 42 மி.மீ., இஎஃப்-ல் 44 மி.மீ. அந்த 2 மி.மீ. வித்தியாசத்தால், நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் (இணைப்பு வளையம்) இல்லாமல் எஃப்டி லென்ஸ் புது பாடியில் தொலைதூரத்தை ஃபோக்கஸ் செய்யாது. அருமையான லென்ஸ்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. பிறகு உள்ளே ஆடியில்லாத மிரர்லெஸ் கேமரா வந்தது. சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் வெறும் 18 மி.மீ.; வெற்றுக் குழாய் போன்ற ஓர் அடாப்டரே போதும். அதே லென்ஸ்களுக்கு மறுபடி ஆள் வந்தது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் யாரோ எடுத்த பொறியியல் முடிவு. சேகரித்தவரின் சாமர்த்தியம் இதில் எங்கும் இல்லை. கேனானும் நிக்கானும் 2018-ல் மிரர்லெஸுக்கான புது மவுண்டுக்குப் போய்விட்டன. உங்கள் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் அடாப்டரில் நன்றாகவே ஓடும். வாங்க வருபவர்கள்தான் குறைவார்கள். ஆகவே விற்பதானால் அந்தப் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

எதை விற்பது என்பதை உங்கள் படங்களே சொல்லும். பட நிர்வாக மென்பொருளில் கடந்த 12 மாதப் படங்களை லென்ஸ் வாரியாகப் பிரியுங்கள். மொத்தத்தில் 2 சதவீதம்கூடத் தேறாத லென்ஸ் விற்பனைப் பட்டியலுக்குப் போகட்டும். மேக்ரோவுக்கு (மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்) மட்டும் விலக்கு தரலாம்; குறைவாக எடுத்தாலும் வேறு லென்ஸ் அந்த வேலையைச் செய்யாது. மேனுவல் லென்ஸ்களில் சிப் இல்லாததால் பெயர் பதிவாகாது, அவற்றை நீங்களே எண்ண வேண்டும். பிறகு ஒரு எக்செல் தாள்: லென்ஸில் பொறித்த வரிசை எண், வாங்கிய தேதி, கொடுத்த தொகை, அதே நிலையிலுள்ள பொருள் உண்மையில் விற்றுமுடிந்த விலை. விற்கக் கேட்கும் விலையைப் பதியாதீர்கள், அது ஆசை. வரும் கூட்டுத்தொகையில் தளக் கட்டணம், கூரியருக்காக 15 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். மனைவியிடம் காட்ட வேண்டிய எண் அதுதான்.

விற்குமுன் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். அப்பர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பு) முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கலாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால், வெயிலில் காரில் கிடந்து கிரீஸ் இளகியிருக்கலாம். பழைய மேனுவல் லென்ஸ் மஞ்சளித்திருந்தால் உடனே அடிமாட்டு விலைக்குத் தள்ளாதீர்கள்: 1960, 70-களில் தோரியம் கலந்த கண்ணாடி சிலவற்றில் உண்டு, புற ஊதா விளக்கில் சில நாளோ வாரங்களோ வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பெட்டி, மூடி, ஹுட் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் விலை கூடும். ஒரே வாரத்தில் ஏழு லென்ஸையும் சந்தையில் இறக்காமல் இரண்டிரண்டாக விடுங்கள்.

மீதியைக் காப்பதும் நிதி விஷயமே. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அது கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கை அரித்துவிட்டால் எந்த சர்வீஸும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் போதும். 40-50 சதவீதத்தில் வையுங்கள். மிகவும் வறட்டினால் ரப்பரும் கிரீஸும் கெடும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் பிடித்துவைக்கும். வீட்டுக் காப்பீட்டில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு இருக்கிறதா என்று வாசியுங்கள். காசு வாங்கிக்கொண்டு எப்போதாவது படமெடுப்பவர் என்றால் அதையும் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். தொழில் பயன்பாடு என்று இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

இனி பண ஓட்டம். பொழுதுபோக்குக்குத் தனி வங்கிக் கணக்கு திறங்கள். மாதம் 5 சதவீதம் அதில் விழட்டும். மிச்சம் 10 சதவீதம் அவசர நிதிக்கு, ஆறு மாதச் செலவு சேரும்வரை. விற்ற பணம் முதலில் பாக்கித் தவணைக்கு. முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டு அடையுங்கள். கடன் தீர்ந்தபின் விற்பதில் பாதி அவசர நிதிக்கு, பாதி பொழுதுபோக்குக் கணக்குக்கு. அந்தக் கணக்கில் இல்லாத பணத்துக்கு லென்ஸ் கிடையாது.

85 எஃப்/1.2-க்கு வருவோம். 'வட்டியில்லாத் தவணை' என்பதில், பெரும்பாலும் மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியை இழக்கிறீர்கள், செயலாக்கக் கட்டணமும் தருகிறீர்கள். இரண்டையும் கூட்டினால் அதுவே வட்டி. பொருளைப் பொறுத்தவரை, எஃப்/1.8-ன் திறப்பு விட்டம் சுமார் 47 மி.மீ., எஃப்/1.2-ல் 71 மி.மீ. எடையும் விலையும் அதனால்தான் எகிறுகின்றன. கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) சற்று மேல். ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, இரண்டிலும் அதே முகத்தை அதே இடத்தில் எடுங்கள். ஒரு மாதம் கழித்து, எது எந்த லென்ஸ் என்று பார்க்காமல் படங்களைத் தேர்ந்தெடுங்கள். 1.2-தான் திரும்பத் திரும்பத் தேறினால், பொழுதுபோக்குக் கணக்கு நிரம்பியதும் பழையதாக ஒன்று வாங்கிக்கொண்டு 1.8-ஐ விற்றுவிடுங்கள்.