பேட்ச் துணியை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாமா?

கேள்வி: என்னுடையது .50 காலிபர் (குழல் விட்டம் .50 அங்குலம்), குழல்வாய் வழியாக வெடிமருந்து திணிக்கும் ரைஃபிள். .490 அங்குல ஈயக்குண்டு போடுகிறேன். குண்டைச் சுற்றிப் போடும் பேட்ச் துணி, கடையில் வாங்கியது தீர்ந்ததால் பழைய பனியனை வட்டமாக வெட்டிப் பார்த்தேன். குண்டு கண்டபடி போகிறது, துணியும் கிழிந்து விழுகிறது. வட்டம் சரியாக வராததுதான் காரணமா?

பதில்: இல்லை. குண்டு நடுவில் உட்கார்ந்தால் சதுரத் துணியே போதும். கோளாறு பனியனில்தான். அது பின்னல் துணி. குண்டைத் தள்ளும்போது ஓரிடத்தில் நீண்டு மெலியும், இன்னோரிடத்தில் திரளும். நெருக்கமாக நெய்த முழுப் பருத்தித் துணியோ லினனோ எடுங்கள். பருத்தியில் கெட்டியான மெத்தை உறைத் துணி, டிரில் எதுவும் சரி. பாலியஸ்டர் கலந்தது வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும்.

முதலில் கஞ்சி போக வெந்நீரில் துவையுங்கள். துணி சுருங்கும் என்பதால் அப்புறம்தான் தடிமனை அளக்க வேண்டும், அதுவும் காலிப்பரை (தடிமன் அளக்கும் கருவி) நன்றாக இறுக்கி. உங்கள் குண்டுக்கு .015 அங்குலத்தில் தொடங்கலாம். குண்டுக்கும் குழலுக்கும் இடைவெளி மொத்தமே .010 தான்; துணி இரண்டு பக்கமும் சேர்ந்து .030. மிச்சம் நசுங்கி, குழலின் உட்சுவரில் சுழன்று ஓடும் சுழல்வரிப் பள்ளங்களை அடைப்பதால்தான் வாயு கசியாமல் குண்டு சுழன்று போகிறது. அகலம் 32 மில்லிமீட்டர் போதும்.

மசகுக்குத் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் உருக்கிக் கலந்தது நல்லது. பெட்ரோலிய கிரீஸ் கருமருந்துக் கரியோடு சேர்ந்து தார்போல இறுகும். துணி ஈரப்பதமாக இருந்தால் போதும். சொட்டினால் மருந்து நனையும்.

சுட்ட பிறகு துணியைத் தேடி எடுங்கள். வேறு எதையும்விட அதுதான் உண்மையைச் சொல்லும். காய்ந்த புல்லில் புகைந்துகொண்டிருந்தால் முதலில் மிதித்து அணையுங்கள். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது மசகு போதவில்லை. குண்டின் சுற்றளவை ஒட்டிக் கத்தி போட்டது போல வெட்டு இருந்தால் குழல்வாய் விளிம்போ வரிகளோ கூராக இருக்கின்றன. துணியை மாற்றிப் பயனில்லை, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். கரி படிந்து, வரித் தடத்தோடு முழுசாகக் கிடைத்தால் அந்தத் துணியையே வைத்துக்கொள்ளுங்கள்.

தடித்த துணிக்கு மாறும்போது குண்டு பாதியில் சிக்கலாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழலே வெடிக்கக்கூடும். உங்கள் மருந்தளவுக்குக் குண்டு முழுதாக இறங்கிய ஆழத்தை, குண்டைத் தள்ளும் திணிகோலில் கோடு போட்டுக் குறித்துவையுங்கள். கோடு குழல்வாய்க்கு வராமல், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைப் பொருத்தாதீர்கள்.